பாட்டு பாதி, பஸ் மீதி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பற்றி ஒரே ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பஸ்ஸும் பாட்டும்தான். அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தினமும் தனியார் பஸ்ஸில் போய்வந்தவன் நான். அன்று கேட்ட அதே பாட்டுகளை இன்று போனில் துல்லியமாகக் கேட்க முடிகிறது. ஆனால் அந்தச் சுகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. வயசாகிவிட்டதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

வயசும் ஒரு காரணம்தான் சார், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் உண்டு. பஸ்ஸில் நாம் பாட்டை முழுசாகக் கேட்டதே கிடையாது. நானும் உங்கள் ரூட்தான், கோமங்கலத்தில் ஏறுவேன். உடுமலையில் வண்டியைக் கிளப்பும்போதே டிரைவர் கேசட்டைப் போட்டிருப்பார், அதனால் நான் படியில் கால் வைக்கும்போது ஏதாவது ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசை ஓடிக்கொண்டிருக்கும். பல்லவி என்ன என்று தெரியாது, சரணத்தின் கடைசியில் அது திரும்ப வரும்போதுதான் 'ஓ, இந்தப் பாட்டா' என்று பிடிபடும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியதும் டிரைவர் டக்கென்று நிறுத்திவிடுவார். ஆக ஒரு பாட்டுக்குத் தலை கிடையாது, இன்னொரு பாட்டுக்கு வால் கிடையாது. மீதியை வகுப்பில் உட்கார்ந்து நாமே மனசுக்குள் பாடி முடித்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பாடிப் பாடி, பாதிப் பாட்டு நாம் போட்ட பாட்டாகவே ஆகிவிட்டது. போனில் வருவது இசையமைப்பாளர் போட்ட பாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே பஸ், அதே நேரம், வாரக்கணக்கில் அதே கேசட். எனவே ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பாட்டு என்றால் புளியமர வரிசை, இன்னொன்று என்றால் தென்னந்தோப்பு, வாய்க்கால் பாலம். ஆட்டு மந்தை குறுக்கே வந்துவிட்டால் கணக்கெல்லாம் மாறிப்போய், தோப்பில் வரவேண்டிய பாட்டு புளியமரத்துக்கே வந்துவிடும், அன்றைக்கு நாள் முழுக்க ஏதோ ஒன்று சரியில்லாத மாதிரி இருக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

பஸ்ஸில் பாட்டு போடுவது எப்போது ஆரம்பித்தது? எங்கள் அப்பா காலத்தில் இல்லை என்கிறாரே?
— கல்லூரி மாணவி, தாராபுரம்

அப்பா சொல்வது சரி. அவர் காலத்துப் பாட்டு இசைத்தட்டில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் இசைத்தட்டை வைத்தால் முதல் பள்ளத்திலேயே ஊசி எகிறிவிடும். பாட்டு கேட்க வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ரேடியோதான், அதிலும் இலங்கை வானொலி. பஸ் கிளம்பினால் பாட்டு ஸ்டாண்டிலேயே நின்றுவிடும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தது, அது நம்மூர் பஸ் வரைக்கும் வந்து சேர மேலும் பல வருஷம் ஆனது. இளையராஜா 'அன்னக்கிளி'யில் அறிமுகமானது 1976. அவருடைய பாட்டுகள் ஊரெல்லாம் பரவிய காலமும் கேசட் மலிவாகிப் பரவிய காலமும் ஒன்றாக வந்து அமைந்தன. என் தலைமுறைக்கு பஸ் பாட்டு என்றாலே அவர்தான் என்று ஆனதில் இந்தப் பொருத்தத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இதை அவருடைய ரசிகர்களிடம் சொன்னால் அடிக்க வருவார்கள். நானும் ரசிகன்தான்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்ன என்று என் மகன் கேட்கிறான். எப்படி விளக்குவது?
— பாத்திரக்கடைக்காரர், பழனி

ஒரு தாளில் பிடித்த பாட்டுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தால், காசு வாங்கிக்கொண்டு, காலி கேசட்டில் பதிந்து தரும் கடை என்று சொல்லுங்கள். காப்புரிமை பற்றி அவன் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பாட்டு ஒன்று நாலரை நிமிஷம் என்று வைத்தால் ஆறு பாட்டு போக மூன்று நிமிஷம் மிஞ்சும். அந்த இடத்தைச் சும்மா விட மனசு வராமல் கடைக்காரர் ஏழாவதாக ஒரு பாட்டை ஆரம்பித்துவிடுவார், அது சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். பாதிப் பாட்டு பற்றி மேலே சொன்னேனே, கேசட்டே அப்படித்தான் பாதியில் முடிந்தது.

பட்டியல் போடுகிறவர் பெரும்பாலும் டிரைவர். அதைப் பார்த்தே அவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் ரூட்டில் ஒருவர் பி.சுசீலாவைத் தவிர யாரையும் ஓடவிட மாட்டார், அந்த வண்டி எப்போதும் நிதானமாகப் போகும். இன்னொருவர் வண்டியில் மலேசியா வாசுதேவன் குரல் ஆரம்பித்தால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மறுபடி பதிய ஆசை வந்தால் அந்த ஓட்டையை செல்லோடேப்பால் அடைத்தால் போதும். டேப் சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். உங்கள் மகனுக்கு இந்தப் பென்சில் விஷயத்தைச் செய்தே காட்டுங்கள், சொன்னால் நம்ப மாட்டான்.

பஸ்ஸில் பாட்டு கேட்க நல்ல சீட் எது?
— தையல் கலைஞர், திருப்பூர்

முன் பக்கம் வேண்டாம். இன்ஜின் சத்தத்தில் தபலா, மிருதங்கம் எதுவும் காதுக்கு வராது, புல்லாங்குழலும் வயலினும் மட்டும் மேலே மிதந்து வரும். கடைசி சீட்டில் தூக்கிப் போடுகிற போட்டில் பாட்டு எங்கே கேட்பது. நடுவில், ஸ்பீக்கருக்கு ஒரு சீட் தள்ளி, ஜன்னலோரம். 1992-ல் 'ரோஜா' வந்து, மின்மினி பாடிய 'சின்ன சின்ன ஆசை' எல்லா வண்டியிலும் ஓடிய பிறகு பஸ்காரர்கள் பெரிய ஸ்பீக்கர்களாக மாட்ட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் நெஞ்சு அதிர்ந்தது.

சேரன், பாண்டியன், கட்டபொம்மன் என்று பஸ்ஸில் பெயர் எழுதியிருந்ததே, ஏன் எடுத்தார்கள்?
— அஞ்சல் ஊழியர், திருநெல்வேலி

பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் ஆகிய போக்குவரத்துக் கழகங்கள் 1972-ல் வந்தவை. உங்கள் ஊர்க் கட்டபொம்மன் 1974. அப்புறம் தலைவர்கள் பெயரில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. 1997-ல் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதுக் கழகம் அறிவித்தபோது சாதிக் கலவரம் மூண்டது. அதன் பிறகு கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. காரணம் நியாயமானது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் 'பாண்டியன் வந்தாச்சா, கட்டபொம்மன் போயிட்டானா' என்று கேட்ட வாய்க்கு இப்போது சொல்ல ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

பஸ்ஸை வைத்தே எடுத்த பழைய தமிழ்ப் படம் உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பெயரே 'டவுன் பஸ்', 1955. இசை கே.வி.மகாதேவன். அதில் எம்.எஸ்.ராஜேஸ்வரி பாடிய 'சிட்டுக்குருவி சிட்டுக்குருவி சேதி தெரியுமா' உங்கள் பாட்டிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும், பாடச் சொல்லிப் பாருங்கள். பஸ் கண்டக்டராக இருந்து சினிமாவுக்கு வந்தவரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர் விசில் அடித்தது பெங்களூரில், நமக்குக் கிடைத்தது விசில் அடிக்க வைத்த வேலை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஆளாளுக்கு போனில் சத்தமாகப் பாட்டு வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலு பாட்டு. கேட்டால் 'அந்தக் காலத்தில் பஸ்ஸே பாட்டு போட்டதே, அப்போது சும்மாதானே இருந்தீர்கள்' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— மருந்துக்கடை ஊழியர், ஈரோடு

அன்றைக்கும் எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. தலைவலியோடு ஏறியவர்கள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்தவர்கள், கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் பார்த்த அம்மாக்கள் 'கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க டிரைவர்' என்று கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. நாமும்தான் ஞாபகத்தில் அவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டோம். ஆனால் அது எல்லோருக்கும் ஒரே பாட்டு. ஒரு சோகப்பாட்டு வந்தால் மூட்டை வைத்திருந்த பெரியம்மாவும் முறைத்துக்கொண்டு வந்த கண்டக்டரும் ஒன்றாக மௌனமாவார்கள். நாலு பாட்டு ஓடினால் அது எப்படி நடக்கும். பதில் சொல்லிச் சண்டை போடாதீர்கள், இயர்போன் விலை குறைவுதான், ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பாட்டில் மயங்கி ஸ்டாப்பை விட்டதுண்டா?
— பெயர் வேண்டாம், சேலம்

ஸ்டாப்பை விட்டதில்லை, சில்லறையை விட்டிருக்கிறேன். டிக்கெட்டின் பின்னால் மூன்று ரூபாய் பாக்கி என்று கண்டக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அதிசயமாக ஒரு பாட்டு பல்லவியிலிருந்தே கிடைத்தது, அதைக் கேட்டுக்கொண்டே இறங்கிப் போய்விட்டேன். அந்த மூன்று ரூபாய் அப்போது எனக்கு ரெண்டு நாள் காபி. மறுநாள் ஏறியதும் அவராகவே வந்து கையில் வைத்தார். "என்னுங்க தம்பி, நேத்து மீதி வாங்காமயே எறங்கீட்டீங்க. பாட்டு அத்தன புடிக்குமாக்கு?" என்றவர், முன்னால் பார்த்து, "அண்ணா, நேத்துப் போட்டத மறுக்காப் போடுங்க" என்றார். டிரைவர் டேப்பை ஓட்டித் தேடுவதற்குள் பொள்ளாச்சி வந்துவிட்டது.