பிங்யாவில் இறங்கலாமா?

கேள்வி: பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு ரயிலில் போகிறோம். இடையில் பிங்யாவ் என்ற பழைய ஊரைப் பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே என்ன விசேஷம்? எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

பதில்: ஓர் இரவு தங்குங்கள். பகலில் வந்து திரும்பினால் கடைத்தெருக் கூட்டம்தான் மிஞ்சும்.

முதலில் டிக்கெட். பெய்ஜிங்–சியான் அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை ஜெங்ஜோ வழியாகப் போகின்றன; பிங்யாவ் அந்தப் பாதையில் இல்லை. அது ஷான்ஷி மாகாணத்தில், தையுவானுக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆகவே பெய்ஜிங்–பிங்யாவ் (சுமார் 4 மணி நேரம்), பிங்யாவ்–சியான் (சுமார் 3 மணி நேரம்) என இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். அதிவேக ரயில் நிற்பது 'பிங்யாவ் குசெங்' நிலையத்தில். வெறும் 'பிங்யாவ்' என்றால் ஊரைச் சுற்றியுள்ள பழைய மதிலுக்கு அருகிலுள்ள பழைய நிலையம். அங்கே சாதாரண ரயில்கள்தான் வரும். பலர் குழம்புவது இங்கேதான். குசெங்கிலிருந்து ஊருக்குள் வர டாக்சியோ பஸ்ஸோ தேவை. மதிலுக்குள் கார் விடமாட்டார்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம்.

மதில் 1370இல் மிங் அரச வம்ச ஆட்சியில் விரித்துக் கட்டப்பட்டது: சுற்றளவு சுமார் 6 கி.மீ., உயரம் சுமார் 12 மீட்டர், ஆறு வாயில்கள். வெளியே செங்கல், உள்ளே இடித்து இறுக்கிய மண். தண்ணீர் இறங்கினால் மண் ஊறிச் செங்கல்லைத் தள்ளிவிடும். 2021 அக்டோபர் பெருமழையில் ஒரு பகுதி சரிந்தது அப்படித்தான்.

ஆனால் அவசியம் பார்க்க வேண்டியது மேற்கு வீதியிலுள்ள ரிஷெங்சாங். சாயக்கடையாக இருந்து, 1823 வாக்கில் உண்டியல் கடையாக, அதாவது ஊர்விட்டு ஊர் பணம் மாற்றித் தரும் கடையாக மாறியது. நம் செட்டியார்களின் உண்டியல் போலத்தான்: வெள்ளியை வண்டியில் ஏற்றிக் கொள்ளையருக்குப் பயந்து போவதற்குப் பதில், இங்கே கட்டிவிட்டு வேறு ஊர்க் கிளையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். போலிச் சீட்டைத் தடுக்க மாதம், நாள், தொகை எல்லாவற்றையும் ரகசிய எழுத்துகளில் குறித்தார்கள். பன்னிரண்டு மாதங்களுக்கான பன்னிரண்டு எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், 'போலிச் சீட்டு ஜாக்கிரதை, முத்திரையை உற்றுப் பார்க்க மறவாதே' என்று பொருள் வரும்!

நவீன வங்கிகள் வந்தன, சீனாவின் சிங் அரச வம்ச ஆட்சி கவிழ்ந்தது. 1914இல் ரிஷெங்சாங் திவாலானது. ஊரில் பணம் வற்றியதால் பழைய வீடுகளை இடித்துக் கட்ட ஆளில்லை. 1980களின் தொடக்கத்தில் சாலைக்காக ஊரைக் கிழிக்கப் பார்த்தபோது, ஷாங்காய் டோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் முயன்று தடுத்தார். 1997இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மறுநாள் காலை, 6 கி.மீ. தள்ளியிருக்கும் ஷுவாங்லின் கோயிலின் வண்ண மண்சிற்பங்களைப் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள்.