அமெரிக்க அரசியல்வாதிகள் நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரில் ஓடும் வண்டியில் பெயர் எழுதினால் ஓட்டு விழுமா?

வண்டி மட்டும் நம்பி இறங்கினால் விழாது. 2003-இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆகத் துடித்த ஃப்ளோரிடா செனட்டர் பாப் கிரஹாம் நாஸ்காரின் பிக்கப் டிரக் பந்தயத்தில் ஓடும் ஒரு டிரக்குக்கு ஸ்பான்சர் செய்தார். கன்சாஸில் அந்த டிரக் ஜெயித்தே விட்டது, ஆனால் அவர் அக்டோபரிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டார்! 2012-இல் ஜனாதிபதி வேட்பாளர் ஆக முயன்ற ரிக் சாண்டோரம் பெயரோடு, நாஸ்காரின் மிகப் பிரபலமான பந்தயமான டேடோனா 500-இல் ஓடிய கார் 19-ஆவதாக வந்தது, அவரும் வேட்பாளர் ஆகவில்லை.

அப்புறம் ஏன் காசைக் கொட்டுகிறார்கள்? நாஸ்கார் ரசிகர்களில் தென் மாநிலங்களின் சிறு நகரத்துக்காரர்கள் நிறைய, தனக்குப் பிடித்த ஓட்டுநரின் வண்டியில் எந்தச் சோப்பு விளம்பரம் இருக்கிறதோ அதையே கடையில் கேட்டு வாங்குகிற ஆட்கள் இவர்கள், 2004 தேர்தலில் இவர்களுக்கு 'நாஸ்கார் அப்பாக்கள்' என்றே பெயர் வைத்தார்கள். தெற்கில் கரைந்துகொண்டிருந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு 'நானும் உங்க ஆளுதான்' என்று காட்ட இது ஒரு வழி. 2001-இல் மார்க் வார்னர் அப்படித்தான் பந்தய டிரக், புளூகிராஸ் என்ற கிராமியப் பாட்டு என்று கிராமப்புறத்தைச் சுற்றி வர்ஜீனியா கவர்னர் ஆனார்.

பதவியில் இருப்பவருக்கோ ஸ்டிக்கரே தேவையில்லை. 2020-இல் டிரம்ப் தன் அரசு லிமோசினையே டேடோனா தடத்தில் ஓட விட்டார்.