குடிநீர் நிலைய விரிவாக்கம்: 400 பக்க அறிக்கையில் எதைத் தேடுவது?

கேள்வி: எங்கள் நகராட்சியின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை 30 எம்.எல்.டி.யிலிருந்து 50 எம்.எல்.டி.யாக (ஒரு எம்.எல்.டி. என்பது நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர்) விரிவாக்கப் போகிறார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீட்டின் வரைவு அறிக்கை வந்திருக்கிறது, 400 பக்கம். கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். என் வீடு நிலையத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறார்கள், கழிவும் அதே ஆற்றில்தான் போகிறது. நான் பொறியாளர் இல்லை. குடிநீர்த் திட்டத்தை எதிர்க்கவும் மனமில்லை. எதைப் பார்ப்பது, என்ன எழுதுவது?

பதில்: எதிர்க்க மனமில்லை என்றால் எதிர்க்க வேண்டாம். கருத்துக்கேட்பு என்பதே கேள்வி கேட்கத்தான். ஆனால் எங்கே கேட்பது என்று தெரிய வேண்டும். குடிநீர் தரும் திட்டம், அதனால் கெடுதல் இருக்காது என்ற நினைப்பு அறிக்கை எழுதுகிறவர்களுக்கும் உண்டு. கட்டுமான இரைச்சல், தூசி, வெட்டப்படும் மரங்கள் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்கிறார்கள், ஆற்றுக்கு என்ன திரும்பிப் போகிறது என்பது சில பத்திகளில் முடிந்துவிடும். நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தப் பத்திகளை. அங்கே போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது சராசரி நாளின் கணக்கா, மோசமான நாளின் கணக்கா?

கழிவிலிருந்து தொடங்குவோம். ஆற்று நீரில் படிகாரம் கலந்து, கலங்கலைத் திரளவைத்து, அடியில் படியவிட்டு, மிச்சத்தை மணல் வடிகட்டியில் பிடிக்கிறார்கள். படிந்தது கசடு. வடிகட்டியை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவும்போது வருவது பேக்வாஷ் நீர். எடுக்கும் தண்ணீரில் 2 முதல் 5 சதவீதம் வரை இந்தக் கழுவலுக்கே போவது சாதாரணம். 50 எம்.எல்.டி. நிலையத்தில் அது நாளைக்கு 10 லட்சம் லிட்டரிலிருந்து 25 லட்சம் லிட்டர் வரை. அதுவும் நாள் முழுக்கச் சீராக வராது. ஒரு வடிகட்டியைக் கழுவும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மொத்தமாகக் கொட்டும். அதைத் தாங்கிப் பிடித்துத் தெளியவைக்கும் தொட்டி புதிய அளவுக்கு ஏற்பப் பெரிதாகிறதா என்று பாருங்கள். வடிகட்டிகள் பெருகும், கழிவுத் தொட்டி மட்டும் பழையபடியே நிற்கும். இது அடிக்கடி நடப்பதுதான்.

கசடு எவ்வளவு என்பதை நீங்களே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிகிராம் படிகாரம் சுமார் 0.44 மில்லிகிராம் உலர் கசடு தரும். அதோடு ஆற்று நீரிலுள்ள மிதக்கும் மண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் லிட்டருக்கு 30 மி.கி. படிகாரம், 25 மி.கி. மண் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்குச் சுமார் 38 மி.கி. கசடு. 50 எம்.எல்.டி.க்கு நாளைக்கு ஏறக்குறைய 1.9 டன். பரவாயில்லை போலிருக்கிறதே என்று தோன்றும். இப்போது வெள்ளம் புரண்டு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மண் 200 மி.கி., படிகாரம் 60 மி.கி. கசடு லிட்டருக்கு 226 மி.கி.க்கு மேல் போகிறது, அதாவது நாளைக்கு 11 டன்னைத் தாண்டுகிறது. இதுவும் உலர் எடைதான். நீரைப் பிழிந்து, ஐந்தில் ஒரு பங்கு திடப்பொருள் உள்ள கட்டியாக லாரியில் ஏற்றினால், முதல் கணக்கு ஒன்பதரை டன், இரண்டாவது 56 டன். முதலாவதற்கு ஒரு லாரி போதும், இரண்டாவதற்கு ஆறு லாரி வேண்டும். போவது உங்கள் தெரு வழியாகத்தான். அறிக்கையில் ‘ஆண்டுச் சராசரிக் கசடு’ மட்டும் இருந்தால், மழைக்கால உச்ச அளவையும் அது போகும் இடத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

லாரி எதற்கு, ஆற்றிலேயே விட்டுவிடலாமே என்று சில பழைய நிலையங்கள் இன்னமும் நடந்துகொள்கின்றன. ஆற்றிலிருந்து வந்த மண்ணைத்தானே திருப்பி விடுகிறோம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வந்தது மண், போவது படிகாரத்திலுள்ள அலுமினியம் கலந்த கூழ். ஆற்றடியில் அது படலமாகப் படிந்தால் அங்கே வாழும் பூச்சிகளும் மீன் முட்டைகளும் மூச்சுத் திணறும். நடுநிலையான நீரில் அலுமினியம் பெரும்பாலும் கரையாமல் கிடக்கும், ஆனால் நீர் அமிலத்தன்மை அடைந்தால் கரைந்து மீன்களின் செவுளைத் தாக்கும். மூலநீரில் ஆர்சனிக்கோ மாங்கனீசோ சிறிது இருந்தாலும் கசடில் அது செறிந்துவிடும். கசடை ஆய்வகத்தில் சோதித்த முடிவு பின்னிணைப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். பொதுவாகவே சுருக்கத்தைவிடப் பின்னிணைப்பில்தான் விஷயம் இருக்கும்.

பேக்வாஷ் நீரைத் தெளியவைத்து நிலையத்தின் தொடக்கத்துக்கே திருப்புவதாக எழுதியிருந்தால் நல்லது, தண்ணீர் மிச்சம். ஆனால் எந்த இடத்தில் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். வடிகட்டி பிடித்துவைத்த நுண்ணுயிர்களும் அதோடு திரும்பி வரும். அவற்றில் ஒன்றான, வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் சாதாரணக் குளோரின் அளவுக்குச் சாவதில்லை. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்கவைத்தது அதுதான். அதனால் திருப்பும் நீர் படிகாரம் கலப்பதற்கு முன்பே சேர்ந்து எல்லாப் படிகளையும் கடக்க வேண்டும். 2001-இல் அமெரிக்கா கொண்டுவந்த பேக்வாஷ் விதியின் சாரமும் இதுவே.

அடுத்து குளோரின். குழாயில் வரும் நல்ல தண்ணீரையே ஆற்றில் விட்டால் மீன் சாகும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நன்னீர் உயிர்களுக்கு நீண்டகாலத் தீங்கு வராத குளோரின் அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வைத்திருப்பது லிட்டருக்கு 11 மைக்ரோகிராம். குழாய் நீரில் குறைந்தபட்சமாக இருக்க வேண்டும் என்று சொல்லப்படும் 0.2 மி.கி. என்பதே 200 மைக்ரோகிராம். தொட்டியைக் காலி செய்யும்போது, நிரம்பி வழியும்போது, புதிய குழாய்களை அதிகக் குளோரின் விட்டுக் கழுவும்போது அந்த நீர் எங்கே போகிறது, குளோரினை நீக்கிய பிறகு போகிறதா? விரிவாக்கப் பணியில் புதுக் குழாய் கழுவுவது நிச்சயம் உண்டு.

விபத்து நாளையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். 1988-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில், லோவர்மூர் நிலையத்தில் 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசல் தவறான தொட்டியில் ஊற்றப்பட்டு கேமல்ஃபோர்டு பகுதிக் குடிநீரில் கலந்தது. குழாய்களைச் சுத்தம் செய்ய அந்த நீரை ஆறுகளில் திறந்துவிட்டபோது ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. கெட்டுப்போன நீரை எங்கே விடுவது என்பதற்கு முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது அதனால் நியாயமான கேள்வி.

ஆற்றிலிருந்து எடுப்பதற்கு வருவோம். 50 எம்.எல்.டி. என்பது விநாடிக்குச் சுமார் 580 லிட்டர். ஆற்றின் ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியாது, ‘ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு’ என்று எழுதிவிடலாம். ஆனால் வறண்ட வாரத்தில் ஆறு விநாடிக்கு 2,000 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் கிட்டத்தட்ட 30 சதவீதத்தை எடுக்கிறார்கள். நீரியலாளர்கள் இதற்கென்றே ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய, தொடர்ந்து ஏழு நாள் நீடிக்கும் மிகக் குறைந்த ஓட்டம். அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா, ஓட்டம் எந்த அளவுக்குக் கீழே போனால் எடுப்பதைக் குறைப்பார்கள் என்று உறுதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உறிஞ்சும் இடத்தில் சல்லடையின் முன் நீரின் வேகம் விநாடிக்கு 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான மீன்கள் நீந்தித் தப்பிக்கும். அதே பழைய சல்லடை வழியாகக் கூடுதல் நீரை இழுத்தால் வேகம் ஏறத்தானே செய்யும்.

பல அறிக்கைகளில் அடியோடு காணாமல் போகும் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் போகும் தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. புதிதாக வரும் 20 எம்.எல்.டி. முழுவதும் வீடுகளுக்குப் போனால், 16 எம்.எல்.டி. சாக்கடை கூடும். கழிவுநீர் நிலையத்துக்கு அதைத் தாங்க இடமிருக்கிறதா? ‘அது தனித் திட்டம்’ என்று பதில் வரும். விடாதீர்கள். அந்தக் கழிவும் இதே ஆற்றில் கீழே சேர்கிறதென்றால், மேலே அதிகமாக எடுத்து, கீழே அதிகமாக விட்டு, நடுவில் ஓடும் நீரைக் குறைக்கிறார்கள். ஒட்டுமொத்தத் தாக்கம் என்ற அத்தியாயம் இருப்பதே இதற்காகத்தான்.

சரி, விரிவாக்கம் தேவையா என்றே கேட்கலாமா? தாராளமாக. மாற்று வழிகள் என்ற பகுதியில் ‘எதுவும் செய்யாமல் இருப்பது’ ஒரு பத்தியில் தள்ளுபடியாகியிருக்கும். அதைவிட முக்கியம், கசிவைக் குறைப்பது ஒரு மாற்றாக எண்களோடு ஆராயப்பட்டிருக்கிறதா என்பது. இப்போதைய 30 எம்.எல்.டி.யில் 30 சதவீதம் கணக்கில் வராமல் போகிறது என்றால் அது 9 எம்.எல்.டி. அதில் பாதியை அடைத்தாலே கேட்கும் 20-இல் நாலரை கிடைத்துவிடும். இன்னொன்று: காலை நேர உச்சத் தேவையைச் சமாளிக்க வேண்டியது மேல்நிலைத் தொட்டிகள். நிலையத்தின் அளவு, அதிகம் செலவாகும் நாளின் மொத்தத் தேவைக்குப் போதுமானால் சரி. மணிக்கணக்கு உச்சத்தை வைத்து நிலையத்தைப் பெரிதாக்கியிருந்தால், கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லலாம்.

அடுத்த தெருவில் குடியிருப்பவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. குளோரின் வாயு உருளைகளில் வைக்கப்படுகிறதா? அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். விரிவாக்கத்தால் இருப்பு கூடும், ஆபத்து எல்லையும் நகரும். புதிய எல்லைக்குள் உங்கள் வீடு வருகிறதா என்று வரைபடத்தைக் கேளுங்கள். ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு மாறுவது பாதுகாப்பானது. லாரி அதிகம் வரும், வெயிலில் வீரியமும் குறையும் என்றாலும் குடியிருப்புக்கு நடுவில் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். இரைச்சலுக்கு ஒரே கேள்வி போதும்: மின்தடை வரும் இரவில் ஜெனரேட்டர் ஓடும்போது உங்கள் வீட்டு எல்லையில் எத்தனை டெசிபல்?

எழுதும்போது கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் அறிக்கையின் பக்க எண்ணைப் போடுங்கள், பதிலாக ஓர் எண்ணோ தேதியோ வரும்படி கேளுங்கள். ‘ஆறு மாசுபடும் என அஞ்சுகிறோம்’ என்று எழுதினால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘பக்கம் இத்தனையில் மழைக்காலக் கசடு அளவு இல்லை, அது எவ்வளவு, எங்கே போகும்?’ என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது. நீங்கள் கேட்பதை அனுமதியின் நிபந்தனையாகச் சேர்க்கும்படி கோருங்கள். வெளியேற்றும் நீரின் குளோரின், அலுமினியம், கலங்கல் அளவுகளை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்பது அப்படி ஒரு நிபந்தனை. அறிக்கையில் வாக்குறுதியாக மட்டும் இருப்பதைவிட அனுமதி ஆணையில் நிபந்தனையாக ஏறியதை நிறைவேற்றவைப்பது எளிது.

பின்னிணைப்புகள் பொதுவில் வைக்கப்படவில்லை என்றால் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள், அவை கிடைத்த நாளிலிருந்து அவகாசத்தை எண்ணும்படியும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். அவகாசம் கிடைக்காது என்று தெரிந்தால், முடிந்தவரை கேட்டு 30-ஆம் நாளுக்குள் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்முறையீடு வரை போனால் முதலில் கேட்கப்படுவது அந்த ரசீதுதான்.