வாசகர் கேள்விகள்: கூரைக்குச் சுண்ணாம்பும் வாய்க்காலுக்கு மனுவும்

வெயில் தணியாததாலோ என்னவோ, இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டின் வெக்கையையும் தெருவின் வாய்க்காலையும் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை வீடு, அந்த அறையிலேயே தறியும் இருக்கிறது. பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. இரவு பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறது. மகளிர் குழுச் சேமிப்பில் எங்கள் வரிசையின் 14 வீடுகளுக்கும் கூரையில் சுண்ணாம்பு அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். காசைக் கரியாக்குகிறோமா? (வாசகி, செல்லூர்)

பதில்: காசு கரியாகாது அம்மா. ஆனால் எதற்கு எவ்வளவு பயன் என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பழுப்பேறிய ஆஸ்பெஸ்டாஸ் தகடு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு, அடிப்பக்கமாக உங்கள் தலைமேல் அனலாக இறக்குகிறது. அதே தகடு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், விழுந்த வெயிலில் பெரும்பகுதி வானத்துக்கே திரும்பிவிடும். பல ஊர்களில் செய்து பார்த்ததில் அறையின் வெப்பம் 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருக்கிறது. உச்சிவேளையில் தறிக்குழியில் கால் வைத்து உட்காருபவருக்கு இது சின்னக் குறைவு அன்று. இரவுக் கதை வேறு. அப்போது சுடுவது கூரையன்று, பகல் முழுவதும் சூடு ஏறிய சுவரும் தரையுமே. பகலில் உள்ளே இறங்கும் அனல் குறைந்தால் சுவரில் ஏறும் சூடும் குறையும் என்பது உண்மைதான். என்றாலும் தங்கும் வெக்கை வெளியேற, கூரைக்குச் சற்றுக் கீழே எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கல் எடுத்துத் துளை விடாமல் வெள்ளை மட்டும் அடித்தால், நீங்கள் எதிர்பார்க்கும் தூக்கம் முழுவதும் கிடைக்காது.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது, வழக்கமாக அந்த மாதத்தில் இறப்பவர்களைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டம் வகுத்தது; கூரைக்கு வெள்ளையடிப்பது 2017-இல் அதனுடன் சேர்ந்தது. அங்கே குடிசைப் பகுதிகளில் வீடுவீடாகச் சென்று இதை எடுத்துச் சொன்னவர்களில், மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் பயிற்சி பெற்ற, உங்களைப் போன்ற பெண்கள் பலர் உண்டு. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்ச்சியான கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே நீங்கள் யோசிப்பது ஏற்கெனவே பலர் நடந்து பார்த்த வழிதான்.

இனி வேலைக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, துளையிடவும் கூடாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. பாசியை எடுக்க வேண்டுமென்றால் நன்றாக நனைத்துவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான துடைப்பத்தால் எடுங்கள். தகட்டின்மேல் யாரும் நேராகக் கால் வைக்க வேண்டாம். அடியில் சட்டம் ஓடும் இடம் பார்த்துப் பலகை போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அடிக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லை முதல் நாளே தண்ணீரில் போட்டுவிடுங்கள். அது கொதித்துத் தெறிக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டிப் பசை கலந்து, காலை வெயில் ஏறுமுன் ஒரு பூச்சு, அது காய்ந்தபின் இன்னொரு பூச்சு. பசையை மறந்துவிடாதீர்கள். மூன்றாண்டுக்கு முன் என் வீட்டு மாடி அறையில் பசையில்லாமல் அடித்தேன். ஐப்பசியின் முதல் மழையிலேயே அத்தனையும் முற்றத்துக்கு இறங்கி, துளசிச் செடி வெள்ளை வேட்டி கட்டியது போல நின்றது. பசை கலந்தாலும் ஆண்டுதோறும் மாசிக் கடைசியில் ஒரு முறை அடித்தால்தான் பங்குனி, சித்திரைக்குத் தாங்கும்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். வாடகை வீடுகளில் உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வீடு குளிர்ந்தது என்று வாடகையை ஏற்றுபவரும் உண்டு என்பதால், அந்தப் பேச்சையும் அப்போதே முடித்துக்கொள்வது நல்லது. 14 வீடுகளில் எது முதல் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்காதீர்கள். பகல் 12 மணி முதல் 4 மணி வரை எந்த வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கிறார் என்று கணக்கெடுத்து, அந்த வரிசையில் செய்யுங்கள். அந்தக் கணக்கைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதி வைப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. அடுத்த கேள்விக்கான பதிலில் அது வரும்.

கேள்வி: எங்கள் தெருவை ஒட்டிய வாய்க்காலை எங்கள் இளைஞர் மன்றம் மூன்று ஆண்டுகளாகப் புரட்டாசியில் தூர்வாருகிறது. தீபாவளிக்குள் நெகிழிப் பையும் பழைய மெத்தையும் வந்து மறுபடி அடைத்துவிடுகின்றன. காலநிலை மாற்றத்தைச் சந்திக்கும் மக்கள் பங்களிப்பு என்று மேடையில் சால்வை போடுகிறார்கள். மாநகராட்சியின் வேலையை நாங்கள் ஏன் கூலியில்லாமல் செய்ய வேண்டும்? (வாசகர், மதுரை தெற்கு)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது தம்பி. முதலில் ஒன்றை நிறுத்துங்கள். சாக்கடை கலந்த வாய்க்காலுக்குள் உங்களில் யாரும் இறங்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய்க்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. காசு கொடுத்து ஒருவரை இறக்குவது குற்றமாக இருக்கும்போது, சால்வை போட்டு இறக்குவது மட்டும் எப்படித் தொண்டாகும்?

ஆனால் வாய்க்காலை அப்படியே விட்டுவிட முடியாது என்பதும் உங்களுக்குத் தெரியும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அது இறங்கும்போது முன்பு நாள் முழுவதும் பெய்த மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. 2024 அக்டோபரில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். செல்லூர்க் கண்மாயின் உபரிநீர் பந்தல்குடி கால்வாய் வழியாகத்தான் வைகையில் சேர வேண்டும். தென்கரையில் கிருதுமால் நதியை நதி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த ஊரின் வாய்க்கால்களில் பல, கண்மாயையும் ஆற்றையும் இணைக்க வெட்டப்பட்டவை. பின்னாளில் நாம் அவற்றைச் சாக்கடையாக்கினோம். அதனால்தான் உங்கள் தெருவை மட்டும் சுத்தம் செய்தால் நிற்பதில்லை. மேலே நான்கு தெரு தள்ளிப் போட்ட மெத்தை உங்கள் பாலத்தடியில்தான் வந்து சிக்கும்.

நம் ஊர்க்கதை ஒன்றை நீங்கள் ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் பார்த்திருப்பீர்கள். வைகை பெருகியபோது கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். புட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு அனுப்ப ஆளில்லை. சொக்கநாதரே உதிர்ந்த புட்டுக்குக் கூலியாளாக வந்தார். எல்லோரும் பிரம்படியைத்தான் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது வந்திக்கு அளந்துவிட்ட பங்கு. மாளிகைக்கும் ஓர் ஆள், ஆளே இல்லாத கிழவிக்கும் ஓர் ஆள். இன்றும் மக்கள் பங்களிப்பு என்ற பெயரில் அதே கோலால்தான் அளக்கிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் இருப்பவன் தன் உழைப்பைத் தர வேண்டும். மேட்டில் இருப்பவனின் குப்பைக்குக் கேள்வியே இல்லை.

ஆகவே உங்கள் மன்றம் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுக்கட்டும். வாய்க்காலின் தலையிலிருந்து கடைசிவரை நடந்து, எந்த இடத்தில் அகலம் குறைகிறது, எந்தப் பாலத்தில் அடைக்கிறது, எங்கே குப்பைத் தொட்டி இல்லாததால் வாய்க்காலே தொட்டியாகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். மழை பெய்த அன்று தண்ணீர் எந்த வீட்டின் எந்தப் படி வரை ஏறியது என்று சுவரில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அந்தக் கோட்டைவிட வலுவான சான்று வேறில்லை. நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. நம் மாநகராட்சியின் 100 வார்டுகளுக்கும் அவை உரியவை. அங்கே போய்த் 'தூர்வாருங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த இயந்திரம், எந்தத் தேதிக்குள், எடுத்த மண் கரையிலேயே கிடக்குமா அல்லது அன்றே அள்ளப்படுமா என்று கேட்டுத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். கரையில் குவித்த சேறு அடுத்த மழையில் உள்ளேயே சரிவதைத்தான் நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்; தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. செல்லூர் வாசகியின் தீர்மான நோட்டைப் பற்றி மேலே சொன்னதும் இதற்காகத்தான்: எந்த வீட்டில் யார் பகலில் வெந்து கிடக்கிறார்கள் என்ற பட்டியலோடு போகும் குழுவை, வெறும் குறை சொல்லிப் போகும் கூட்டத்தைப் போல எளிதாகத் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: உலகம் சூடாவதில் குடிசைவாசிகளின் பங்கு என்ன? (கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: மிகக் குறைவு. சராசரி இந்தியர் ஒருவரின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வருகிறது; அமெரிக்கர் ஒருவருக்கு அது 14 டன் அளவில் இருக்கிறது. அந்த 2 டன்னும் சராசரிதான். குளிர்சாதனமும் காரும் இல்லாத ஒற்றை அறை வீட்டின் பங்கு அதிலும் சிறிது. எனவே இந்தத் தெருக்களில் பேச வேண்டியது புகையைக் குறைப்பதைப் பற்றியன்று, வெயிலிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தப்புவதைப் பற்றி.

கேள்வி: எங்கள் சந்தில் மரம் வைக்க ஆசை. எது நல்லது? (வாசகர், வில்லாபுரம்)

பதில்: சந்து ஆறடிதான் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதில் மரம் வைத்தால் சுவர்தான் முதலில் பிளக்கும். கயிறு கட்டி அவரையோ பாகலோ கூரைக்கு ஏற்றுங்கள். திறந்த இடம் கிடைத்தால் வேம்பும் புங்கும் போதும். விரைவாக வளர்கிறதென்று கோனோகார்பஸ் வைக்க வேண்டாம்.

கேள்வி: கட்டட வேலையில் வெயிலில் விழுந்து ஒருவர் இறந்தால் அரசு உதவி உண்டா? (கொத்தனார் உதவியாளர், மேலூர்)

பதில்: உண்டு. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்கும். ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பமே என்று உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும். ஆளை வீட்டுக்குத் தூக்கிச் சென்றுவிட்டு 'மாரடைப்பு' என்று முடித்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு அது வராது. அந்த நிலைக்குப் போகாமல் பார்ப்பதே முக்கியம். உடல் கொதித்து, பேச்சு குழறினால், உடனே 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.