ஒரு நாள் கூலிக்கு எத்தனை டப்பா அரிசி?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரிசியும் எண்ணெயும்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பர்மாவில், ரங்கூனில் வெகுகாலம் அரிசிக்கடை நடத்தியவள் என்பதால், எனக்குத் தெரிந்த கடைக்கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

அக்கா, நான் தையல் ஆலையில் வேலை செய்கிறேன். 2018இல் சேர்ந்தபோது நாள் கூலி 4,800 கியாட். 2024 ஆகஸ்டில் 6,800 ஆனது. சேர்ந்த புதிதில் மாதா மாதம் ஊருக்கு, அம்மாவுக்குப் பணம் அனுப்பினேன். இப்போது இருபதாம் தேதிக்கு மேல் கடன் சொல்லித்தான் அரிசி வாங்குகிறேன். சாதா அரிசியே ஒரு பியி (நம் படி மாதிரி ஓர் அளவு) 4,800 சொல்கிறார்கள். வீட்டில் நாங்கள் நாலு பேர். வீட்டுக்காரருக்கு வேலை கிடைக்கும் நாளில்தான் கூலி. நான் செலவாளி ஆகிவிட்டேன் என்கிறார். எங்கே தப்பு நடக்கிறது?
— ஒரு வாசகி, லைங்தாயா

தங்கச்சி, தப்பு உன்னிடம் இல்லை. இந்தப் பதிலை உன் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டு.

கூலியைக் கியாட்டில் எண்ணாதே, அரிசியில் எண்ணு. ஒரு பியிக்கு எட்டு பால்டப்பா என்பது உனக்கே தெரியும். நீ வேலைக்குச் சேர்ந்த காலத்தில் என் கடையில் சாதா அரிசி பியி 1,200 சுமாருக்குப் போனது. உன் 4,800க்கு நாலு பியி வரும், அதாவது 32 டப்பா. இன்றைக்கு நீ எழுதியிருக்கும் விலையில் 6,800க்கு ஒன்றரைப் பியிகூட வராது. 11 டப்பா. சம்பள உறையில் 2,000 கியாட் கூடியிருக்கிறது, சாக்கில் 21 டப்பா குறைந்திருக்கிறது. நாலு பேருக்கு நாளைக்கு ஆறு டப்பா என்று வை. முன்பு உன் ஒரு நாள் கூலியில் ஐந்தில் ஒரு பங்கை அரிசி தின்றது. இப்போது பாதிக்கு மேல் தின்கிறது. மிச்சத்தில்தான் வாடகை, எண்ணெய், கரி, பிள்ளையின் நோட்டுப் புத்தகம் எல்லாம். இதில் செலவாளி எங்கே வந்தாள்?

கூலி உயர்வையும் ஒரு தடவை உற்றுப் பார். 2015இல் முதன்முதலாகக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது 3,600. 2018இல் 4,800. அப்புறம் 2023 அக்டோபரில் ஓர் ஆயிரம், 2024 ஆகஸ்டில் இன்னோர் ஆயிரம். இந்த இரண்டாயிரமும் படியாகத்தான் (அலவன்ஸ்) வந்தது. அடிப்படைக் கூலி 4,800 அப்படியே நின்றுவிட்டது. ஓவர்டைம் கணக்கு அந்த அடிப்படையை வைத்துத்தான் என்பதை உன் சம்பளச் சீட்டிலேயே பார்க்கலாம்.

சரி, அரிசி நம் மண்ணில் விளைவதுதானே, அது ஏன் இப்படி ஏற வேண்டும்? 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1,330 கியாட் சுமாருக்கு இருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து அரசு விகிதம் 2,100. வெளிச்சந்தையில் 2024இலேயே 4,000ஐத் தாண்டிவிட்டது. நீ டாலரில் எதுவும் வாங்குவதில்லை, உண்மை. ஆனால் உழவு எந்திரத்துக்கு டீசல் டாலரில் வருகிறது. யூரியாவும் அப்படித்தான். மின்சாரம் போய்ப் போய் வருவதால் ஆலைக்காரர் ஜெனரேட்டரில் நெல் குத்துகிறார், அதற்கும் டீசல். பிறகு லாரி வாடகை, வழி நெடுக நிறுத்தி நிறுத்தி விடும் சோதனைச்சாவடிகள், சண்டையால் அடைபட்ட பாதைகள். இதற்கெல்லாம் மேலே, அரசு வரவுக்கு மீறிச் செலவழித்து அந்தப் பள்ளத்தை நோட்டு அச்சடித்து நிரப்பினால், இருக்கிற நோட்டின் மதிப்பு இறங்கத்தான் செய்யும். உன் கூலி சில ஆண்டுக்கு ஒரு தடவைதான் ஏறுகிறது, அரிசி ஒவ்வொரு மூட்டை இறங்கும்போதும் ஏறுகிறது.

கடையில் நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். பாவ்சான் என்ற உயர்ந்த ரக அரிசி வாங்கிக்கொண்டிருந்த வீடு முதலில் ஏமத்தா என்ற சாதா ரகத்துக்கு இறங்கும். அப்புறம் ஏமத்தாவோடு குருணை கலந்து கேட்கும். அப்புறம் மூட்டை வாங்கியவர்கள் பியி கணக்குக்கு வருவார்கள், பியி வாங்கியவர்கள் டப்பா கணக்குக்கு. கடைசிவரை சோற்றின் அளவைக் குறைக்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பதைத்தான் குறைப்பார்கள். மீன் போய், முட்டை போய், பருப்புத் தண்ணீராகி, ஒரு கரண்டி ஙாப்பி மீன் விழுதில் வந்து நிற்கும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அந்த வீட்டில் பசி தெரியாது. பிள்ளையின் கை காலில்தான் தெரியும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

டப்பாவில் வாங்குகிறவள்தான் அதிக விலை கொடுக்கிறாள் என்பதையும் கவனி. ஒரு மூட்டை 24 பியி. மூட்டையாக எடுத்தால் பியிக்குக் கணிசமாகக் குறையும். உன் லைனில் நாலு வீடு சேர்ந்து, சம்பளம் வந்த அன்றே ஒரு மூட்டை எடுத்து வீட்டுக்கு ஆறு பியி பிரித்துக்கொள்ளுங்கள். பியியில் அளப்பதைவிடத் தராசில் நிறுத்துப் பிரியுங்கள், அப்போதுதான் தலைதட்டியதா, கூம்பாகக் குவித்ததா என்ற சண்டை வராது. அரிசியில் மிச்சமாவதைப் பிள்ளைக்கு முட்டையாக மாற்று. முட்டை முடியாத நாளில் காலையில் விற்கும் வேகவைத்த பட்டாணி, கொண்டைக்கடலை இருக்கிறது. சாயங்காலம் புளிச்சக்கீரை. இரண்டும் இன்னும் நம் கைக்கு எட்டும் விலையில்தான் இருக்கின்றன. அம்மாவுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்று மனசை வருத்திக்கொள்ளாதே, இந்தக் கணக்கை அவருக்கும் எழுது. அவருக்குப் புரியும்.

எங்கள் கோயிலில் திருவிழா அன்னதானத்தை இந்த வருஷம் நிறுத்திவிடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. உங்கள் கருத்து?
— ஒரு வாசகர், மோல்மீன்

நிறுத்தாதீர்கள் ஐயா. பாயசம், வடை, மூன்று வகைக் கறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மைக் செட்டையும் மாலை மரியாதையையும் குறைத்துக்கொள்ளுங்கள். சோறும் கெட்டிச் சாம்பாரும் ஒரு கீரையும் போதும். பந்தியில் உட்கார வெட்கப்படுகிறவர்கள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் தூக்குவாளி கொண்டு வந்தால் கேள்வி கேட்காமல் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டெல்டாவில் எங்களுக்கு ஆறு ஏக்கர் நெல் நிலம். பட்டணத்தில் அரிசி விலை ஏறியதென்று எல்லாரும் அழுகிறார்கள். ஏறிய பணம் எங்கள் கைக்கு ஏன் வரவில்லை? அடுத்த நடவுக்கு முன்னால் நாங்களே அரிசி விலைக்கு வாங்கும்படி ஆகிறதே?
— ஒரு வாசகர், பியாப்பொன்

தம்பி, நீங்கள் விற்கும் நாளும் வாங்கும் நாளும் வேறு வேறு. அறுவடை முடிந்த கையோடு, கார்த்திகை மார்கழியில், ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நெல்லை விற்கிறது, ஏனென்றால் உரக்கடன், கூலிக்கடன் வாசலில் நிற்கிறது. அப்போது விலை இறங்கியிருக்கும். ஆனி ஆடியில் அதே நெல் அரிசியாக உங்களிடம் திரும்பி வரும்போது, சேமித்து வைத்தவரின் வட்டியும் ஆலைக்காரரின் டீசலும் லாரி வாடகையும் அதன் மேல் ஏறியிருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அரிசி ஏற்றுமதி செய்கிறவர் சம்பாதிக்கும் டாலரில் ஒரு பகுதியை அரசு விகிதத்தில்தான் மாற்ற வேண்டும் என்று விதி வந்தது. வெளியே 4,000க்கு மேல் போகும் டாலருக்கு 2,100 கிடைத்தால், அந்த நஷ்டத்தை ஏற்றுமதியாளர் தன் பையிலிருந்து கொடுக்க மாட்டார், நெல் விலையில்தான் கழிப்பார். ஆக உங்கள் நெல்லில் ஒரு பங்கு அரசு விகிதத்திலும், உங்கள் யூரியா முழுக்க வெளி விகிதத்திலும் ஓடுகிறது. இது விவசாயி மேல் பெயர் சொல்லாமல் போட்ட வரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், அரிசிக்கு அரசு போடும் நிர்ணய விலை. ஏழைக்கு நல்லது என்று சொல்லித்தான் போடுகிறார்கள். 2024இல் நிர்ணயத்துக்கு மேல் விற்றதாக ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் ஜப்பானிய அதிகாரிவரை பிடித்து உள்ளே வைத்தார்கள். கொள்முதல் விலைக்குக் கீழே விற்கச் சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்? மலிவு அரிசியை வாங்கி வைப்பதையே விட்டுவிடுவார். மலிவு அரிசி தேடுகிறவள்தான் வெறும் பையோடு திரும்புகிறாள்.

கடன் வாங்கிப் பயிர் செய்து, விலை விழுந்த நேரத்தில் விற்கிற ஆபத்து உங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1930இல் உலகச் சந்தையில் அரிசி விலை சரிந்தபோது கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் ஈட்டு நிலம் கைமாறியது. அன்றைக்கு இந்த நாடு ஆண்டுக்கு சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்து உலகிலேயே முதலிடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிறைய விளைவது வேறு, விளைவித்தவன் வீட்டில் அரிசி இருப்பது வேறு.

முடிந்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டிய நெல்லை முதலில் எடுத்துக் குதிரில் போட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் கடனுக்கு விற்பனை செய்யுங்கள். கடன்காரர் முணுமுணுப்பார். ஆடியில் அவரிடமே அரிசிக்குக் கடன் கேட்பதைவிட இது மேல்.

எங்கள் தாத்தா பணத்தைக் கையில் வைக்காதே, அரிசியாகவோ தங்கமாகவோ மாற்று என்று ஓயாமல் சொல்கிறார். பயந்த சுபாவமா, அல்லது அதில் நியாயம் இருக்கிறதா?
— ஒரு வாசகி, சிரியம்

நியாயம் இருக்கிறது. 1964இல் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். 1985இல் மறுபடி. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாமல் போயின, மாற்றுப் பணம் கிடையாது. பிறகு 45, 90 என்று புது நோட்டு வந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த கட்டு அடுப்பெரிக்கத்தான் ஆனது என்று சொன்ன தாய்மாரை எனக்குத் தெரியும். 2021இல் ஏ.டி.எம். வாசலில் விடியும் முன்னால் வரிசை நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாத்தா தன் அனுபவத்தைத்தான் சொல்கிறார், அவரைக் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் அரிசியை ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். மழைக்காலத்தில் வண்டு விழும், மக்கிய வாடை வரும். கையில் கொஞ்சம் பணம் வந்தால் முதலில் வட்டிக் கடனை அடையுங்கள், அதைவிட நல்ல சேமிப்பு இப்போது இல்லை. அடகில் நகை இருந்தால் மீட்டுவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் புதுத் தங்கம்.

கடலை எண்ணெய் வாங்கி மாளவில்லை. பாமாயில் உடம்புக்குக் கெடுதலா?
— ஒரு வாசகி, இன்சீன்

கடலையும் எள்ளும் மக்வே, மண்டலே பக்கம் விளைகின்றன. பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. அப்படி வந்தும் அதுதான் மலிவு என்பதால், நாடே அதில்தான் தாளிக்கிறது. பாமாயிலில் பாதி கெட்டியாகும் கொழுப்பு, கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் பாமாயிலைக் குறைவாக ஊற்றுங்கள், அவ்வளவுதான். பர்மியக் கறி மாதிரி எண்ணெய் மேலே மிதக்க வேண்டும் என்று நம் குழம்புக்குக் கட்டாயம் இல்லை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும், பலகாரக் கடையில் மிஞ்சிய கறுத்த எண்ணெயை மலிவென்று வாங்குவதும்தான் நிஜமான கெடுதல்.

உளுந்து விளைகிற பெகுவிலேயே இருக்கிறேன். இட்லிக்கு உளுந்து வாங்க யோசிக்க வேண்டியிருக்கிறதே, ஏன்?
— ஒரு வாசகி, பெகு

ஏனென்றால் அந்த உளுந்துக்கு இந்தியாவில் விலை வைக்கிறார்கள். நெல் அறுத்த வயலில் ஈரத்தோடு விதைத்து மாசி பங்குனியில் எடுக்கும் நம் உளுந்தில் பெரும்பகுதி கப்பலேறி அங்கேதான் போகிறது. சென்னையில் உங்கள் சொந்தக்காரர் சாப்பிடும் இட்லியிலும் பெகு உளுந்து இருக்கலாம். 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு அளவு கட்டியபோது இங்கே விலை விழுந்து விவசாயிகள் நொடித்துப் போனார்கள். 2021இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்து வருஷத்துக்கு வாங்கிக்கொள்வதாக இரு நாடும் ஒப்பந்தம் போட்டன. விவசாயிக்கு அது பெரிய தெம்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விலை டாலரில் பேசப்படுகிறது, நீங்கள் கியாட்டில் கொடுக்கிறீர்கள்.

நாலுக்கு ஒன்று போட்ட இடத்தில் ஆறுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஒரு பிடி பழைய சோறும் சேர்த்து அரையுங்கள். முழு உளுந்தைத் தோலோடு வாங்கி வீட்டிலேயே ஊறவைத்துக் கழுவினால் விலையும் குறைவு, மாவும் நன்றாகப் பொங்கும். மாசியில் புது உளுந்து வரும்போது நாலைந்து வீடு சேர்ந்து நேராக விவசாயியிடமே வாங்கி, நன்றாகக் காயவைத்து வேப்பிலை போட்டு வையுங்கள்.