‘சமூக சேவகி’ என்று போடலாமா?

கேள்வி: எங்கள் அம்மா போன மாதம் 88 வயதில் காலமானார். அப்பா பி அண்ட் சி மில் தொழிலாளி. நாங்கள் நான்கு பிள்ளைகள். எங்களை வளர்த்துக்கொண்டே அம்மா தெருவுக்கே ஆயாவாக இருந்தார். போலியோ சொட்டு மருந்து முகாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, சுனாமி சமயத்தில் காசிமேட்டு மக்களுக்குச் சமைத்தது என்று எதையும் விட்டதில்லை. படத்திறப்புக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறோம். தம்பி ‘சமூக சேவகி’ என்று பெரிதாகப் போடச் சொல்கிறான். அக்காவோ, “வீட்டுக்கு என்ன செஞ்சாங்கன்னு எழுது, ஊர்க்கதை எதுக்கு?” என்கிறாள். என்ன செய்வது?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் பக்கம் எந்தத் தெருமுனையில் நின்றாலும் நாலு கண்ணீர் அஞ்சலி பேனர் கண்ணில் படும், அதில் பாதிப் பேர் சமூக சேவகர்கள்தான். அந்தக் கும்பலில் அம்மாவையும் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

அதற்காக அக்கா சொல்வதை அப்படியே கேட்கவும் சொல்லமாட்டேன், ஆனால் அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கும் என்று தோன்றுகிறது. அம்மா யாருக்கோ துணையாக ஸ்டான்லி வராண்டாவில் படுத்திருந்த ராத்திரிகளில் உங்களுக்கெல்லாம் சோறு வடித்துப் போட்டது யார்? பெரும்பாலும் மூத்த பெண்தான். நான் நினைப்பது சரியென்றால் அதையும் மலரில் எழுதுங்கள், அக்காவிடமே கேட்டு, அவர் சொல்கிற மாதிரியே. வீட்டுக்கதை வேறு, ஊர்க்கதை வேறு என்று அம்மா பிரித்து வாழவில்லையே, நீங்கள் ஏன் பிரிக்கிறீர்கள்?

பிள்ளைகளுக்குத் தெரிந்தது பாதிதான், மிச்சம் தெருவில் இருக்கிறது. போய்க் கேளுங்கள். “அம்மா எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால் எல்லோரும் “தங்கமானவங்க” என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “கடைசியா எதுக்கு எங்கம்மாவைத் தேடி வந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். தண்ணி லாரி வரிசையில் அம்மா போட்ட சண்டையும் வரும், வரட்டும்.

வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. “மில்லை மூடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்றால் சட்டென்று சொல்வார்கள், மில் மூடியது 1996. சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியது 1995-ல். சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த முகாம் வேலையைக் கொஞ்சம் விரித்தே எழுதலாம், ஏனென்றால் மருந்தை அரசாங்கம் அனுப்பிவிடும், ஆனால் “காய்ச்சல் வரும், வேணாம்” என்று கதவைச் சாத்துகிற வீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கி வரத் தெரிந்த முகம்தான் வேண்டும். 2014-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்ததில் இப்படிப்பட்ட அம்மாக்களின் நடையும் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. புருஷனிடம் அடி வாங்கி வந்தவர், கடன் கேட்டு வந்தவர் என்று சில பேரை அம்மா யாருக்கும் தெரியாமல்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களே வந்து சொன்னாலும் பெயர் போட வேண்டாம்.

அப்புறம், படத்தைத் திறக்க கவுன்சிலரைக் கூப்பிடலாமா என்று தம்பி அடுத்து கேட்பார். வந்தால் முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். திறக்கிறது, அம்மா சொட்டு மருந்துக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளில் ஒருவராக இருக்கட்டும், அவர்களுக்கும் இப்போது முப்பது வயது இருக்குமே.