சைக்கிள் பாதை வரைபடம் வந்திருக்கிறதா? முதலில் சந்திப்பைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் நான்கு வழிச் சாலையில் சைக்கிள் பாதை அமைக்கப் போகிறார்கள். வரைபடத்தை மக்கள் கருத்துக்காக வைத்திருக்கிறார்கள். என் மகளுக்குப் பதினொரு வயது, பள்ளி இரண்டு கிலோமீட்டர் தூரம். இந்தப் பாதை வந்தால் அவளைத் தனியாக சைக்கிளில் அனுப்பலாமா? கோடு போட்டாலே போதும் என்கிறார் ஒருவர். தடுப்பு இல்லாமல் பயனில்லை என்கிறார் இன்னொருவர். கடைக்காரர்களோ பாதையே வேண்டாம் என்கிறார்கள். பொறியியல் வரைபடம் எனக்குப் படிக்க வராது. எதைப் பார்ப்பது, என்ன கேட்பது?

பதில்: மகளைத் தனியாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, சைக்கிள் பாதையை எடைபோட அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து கிடையாது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சைக்கிள் திட்டங்களைக் கவனித்துவந்த ராஜர் கெல்லர், 2006 வாக்கில் தம் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்தார். எந்தச் சாலையானாலும் அஞ்சாமல் ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. கோடு போட்ட பாதை கிடைத்தால் ஓட்டுபவர்கள் 7 சதவீதம். என்ன செய்தாலும் சைக்கிள் பக்கம் வராதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி 60 சதவீதம் பேருக்கு ஓட்ட ஆசை உண்டு, வண்டிகளைப் பார்த்துப் பயமும் உண்டு. தோராயமான கணக்குதான். ஆனால் யாருக்காகப் பாதை போடுகிறோம் என்பதை அது தெளிவாக்கிவிட்டது. நீங்களும் மகளும் அந்த 60இல் இருக்கிறீர்கள். அஞ்சாதவர்கள் பாதை இல்லாமலேயே ஓட்டிக்கொள்வார்கள்.

முதலில் கோடா தடுப்பா என்ற சண்டையைத் தீர்த்துவிடலாம். நெதர்லாந்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதையே இல்லாத தெருக்கள் ஏராளம். வேக வரம்பு மணிக்கு 30 கி.மீ., ஒரு நாளைக்கு ஓடும் வண்டிகள் ஏறக்குறைய 2,000 அல்லது 2,500க்குள் என்றால், சைக்கிளும் காரும் ஒரே தெருவில் போகலாம் என்பது அங்குள்ள வடிவமைப்பு நெறி. வேகம் 50ஐத் தொட்டாலோ வண்டிகள் பெருகினாலோ பிரித்துவிட வேண்டும். ஆகவே உங்கள் சாலையைப் பற்றி இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்: நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள், உண்மையில் என்ன வேகத்தில் ஓடுகின்றன. பலகையில் எழுதியிருக்கும் வேகத்தைச் சொல்லிச் சமாளிப்பார்கள். அளந்த வேகத்தைக் கேளுங்கள். நான்கு வழிச் சாலை என்று நீங்கள் சொல்வதை வைத்தே சொல்கிறேன், அங்கே கோடு போதாது.

போதாது என்பதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் சைக்கிள்களில் கருவி பொருத்தி, கார்கள் எவ்வளவு நெருக்கமாகக் கடந்துபோகின்றன என்று அளந்தார்கள். 2019இல் அந்த முடிவுகள் வெளியாயின. வெறும் கோடு போட்ட பாதை இருக்கும் இடங்களில் கார்கள் சராசரியாக இன்னும் நெருங்கித்தான் கடந்திருக்கின்றன. பாதையோடு ஓரத்தில் நிறுத்திய கார்களும் இருந்தால் இடைவெளி மேலும் சுருங்குகிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கோடு இல்லாதபோது ஓட்டுநர் சைக்கிளைப் பார்த்து ஒதுங்குகிறார். கோடு வந்ததும் கோட்டைப் பார்த்து ஓட்டுகிறார். தன் பக்கத்துக்குள் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்.

தடுப்பில் பல வகை. வளைந்து நிமிரும் பிளாஸ்டிக் கம்பங்கள் சில நாட்களிலேயே நட்டு முடிக்கக்கூடியவை. சோதனை முயற்சிக்கு அவை பரவாயில்லை. ஆனால் வண்டி மோதினால் சாய்ந்துவிடும், நாளடைவில் பாதி கம்பங்கள் காணாமல் போகும். நிரந்தரப் பாதை என்று சொல்லிக் கம்பத்தை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் விளிம்புக்கல் நல்லது. அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெடல் கீழே வரும்போது தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. செங்குத்தான உயரக் கல்லில் அது இடித்தால் ஆள் விழுவது உறுதி. எனவே பாதைப் பக்கம் கல் சரிவாக இருக்க வேண்டும். கோபன்ஹேகனில் வழக்கமாகச் செய்வது இன்னொன்று: சாலையைவிட ஒரு படி உயரத்தில் சைக்கிள் பாதை, அதைவிட ஒரு படி உயரத்தில் நடைபாதை. பார்த்த மாத்திரத்தில் யாருக்கு எந்த இடம் என்று புரிந்துவிடும். நிறுத்திய கார்களையே தடுப்பாக்குவதும் உண்டு. நியூயார்க் 2007இல் ஒன்பதாவது அவென்யூவில் அப்படித்தான் செய்தது. கார்களை நடைபாதை ஓரத்திலிருந்து நகர்த்தி, இடையில் சைக்கிளை விட்டது. இந்த வகையில் காருக்கும் பாதைக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுக்காவது வெற்றிடம் கேளுங்கள். காரின் கதவு திறக்கும் தூரம் அது. அந்தப் பக்கம் இறங்குபவர் பெரும்பாலும் பயணி. கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கும் பழக்கம் அவருக்கு இருக்காது.

அகலம் பற்றி. ஹேண்டில்பாரும் கைகளுமாக ஒருவருக்கு 75 செ.மீ. வேண்டும், சைக்கிள் லேசாக ஆடித்தான் போகும் என்பதால் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழிப் பாதையில் ஒருவர் மற்றவரை முந்த, அல்லது நீங்கள் மகளோடு பேசிக்கொண்டே பக்கத்தில் போக, 2 மீட்டர் குறைந்தபட்சம். கூட்டம் அதிகமென்றால் கூடுதலாக வேண்டும். இங்கே வரைபடத்தில் கவனிக்க வேண்டிய ஒரு வித்தை இருக்கிறது. குறுக்குவெட்டுப் படத்தில் ‘2.0’ என்று எழுதியிருப்பார்கள். அந்த அளவு எங்கிருந்து எங்கே என்று அம்புக்குறியைப் பாருங்கள். ஓரத்து மழைநீர்க் கால்வாயையும் விளிம்புக்கல்லின் தடிமனையும் சேர்த்து 2 மீட்டர் என்றால், ஓட்டக் கிடைப்பது ஒன்றரைதான். ‘சைக்கிள் ஓடும் தளத்தின் நிகர அகலம் என்ன?’ என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல வரைபடங்களைத் திருத்த வைத்திருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். வரைபடத்தை மேசைமேல் விரித்ததும் எல்லோரும் நேர்ப்பாதையைத்தான் பார்ப்பார்கள். பச்சை வண்ணம், மரங்கள், அழகான தடுப்பு. நீங்கள் அதைத் தாண்டி நேராக சந்திப்புக்குப் போங்கள். பல திட்டங்களில், சிக்னலுக்குச் சற்று முன்பே தடுப்பு நின்றுவிடும். அதன் பிறகு புள்ளிக்கோடு, அல்லது தரையில் ஒரு சைக்கிள் படம். மிக ஆபத்தான இடம் வரும்போது பாதுகாப்பு விலகிக்கொள்கிறது. இதை நான் மன்னிக்க மாட்டேன். நேர்ச்சாலையில் தடுப்பு கொஞ்சம் சுமாராக இருந்தால்கூட விட்டுக்கொடுப்பேன், சந்திப்பில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அங்கே நடப்பது இதுதான். மகள் ஓரமாக நேரே போகிறாள். அவளோடு அதே திசையில் வரும் லாரி, ஓரப்பக்கமாகத் திரும்புகிறது. அவள் லாரிக்குப் பக்கவாட்டில், கண்ணாடிக்கும் எட்டாத மறைவிடத்தில் இருக்கிறாள். ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவளைப் பார்க்க வழியில்லை. ஹெல்மெட்டோ மணியோ இங்கே பெரிதாக உதவாது. அவர் பார்க்கும்படி மூலையின் வடிவத்தை மாற்றுவது ஒன்றே வழி.

நெதர்லாந்தில் பல காலமாக இருக்கும் வடிவம் அதைச் செய்கிறது. அமெரிக்காவில் டேவிஸ், சால்ட் லேக் சிட்டி ஆகிய நகரங்களில் 2015இல் அது முதன்முதலாக வந்தது. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறு கான்கிரீட் திட்டு இருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது. திரும்பும் வண்டி அதைச் சுற்றித்தான் வர வேண்டும் என்பதால் வேகம் தானாகக் குறைகிறது. கூடவே சைக்கிள் கடக்கும் தடம் சாலையிலிருந்து ஒரு கார் நீளம், ஏறக்குறைய 5 மீட்டர், உள்ளே தள்ளிப்போகிறது. வண்டி முக்கால்வாசி திரும்பி முடித்த பிறகே தடத்தை அடைகிறது. அப்போது மகள் ஓட்டுநரின் முன்கண்ணாடிக்கு நேரே இருக்கிறாள். வழிவிட நின்றாலும் பின்னால் வரும் வண்டிகளை மறிக்காதபடி அந்த 5 மீட்டர் இடமும் இருக்கிறது. சிவப்பு சிக்னலில் சைக்கிள் நிற்கும் கோடு கார்களின் கோட்டைவிட முன்னால் இருப்பதால், பச்சை விழுந்ததும் சைக்கிள்களே முதலில் நகரும், எல்லோர் கண்ணிலும் படும்.

வரைபடத்தில் இதைக் கண்டுபிடிக்க பொறியியல் வேண்டாம். நான்கு மூலைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். திட்டு வரைந்திருக்கிறதா? மூலையின் வளைவு சிறியதா, பெரிய வில் போல அகன்றதா? அகன்ற வளைவில் வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பும். சந்திப்புக்கு முந்தைய சில மீட்டர்களில் கார் நிறுத்தம் நீக்கப்பட்டிருக்கிறதா? நிறுத்திய வேன் ஒன்றே போதும், சிறுமியை முழுவதும் மறைத்துவிடும். சிக்னல் திட்டத்தையும் கேளுங்கள். திரும்பும் வண்டிகளுக்கும் நேரே போகும் சைக்கிளுக்கும் தனித்தனிப் பச்சை கொடுப்பது சிறப்பு. முடியாவிட்டால் சைக்கிளுக்குச் சில விநாடிகள் முன்கூட்டியாவது பச்சை வர வேண்டும்.

சிக்னல் இல்லாத குறுக்குத்தெருக்களும் பெட்ரோல் பங்க் வாசல்களும் இதே கணக்கில் சேரும். பாதை அங்கே சாலை மட்டத்துக்கு இறங்கி ஏறக்கூடாது; அதே உயரத்தில், அதே நிறத்தில் தொடர வேண்டும், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதைப் பலகை இல்லாமலேயே அந்த மேடு சொல்லிவிடும். இன்னொன்று: இடத்தை மிச்சப்படுத்த, சாலையின் ஒரே பக்கத்தில் இருவழி சைக்கிள் பாதை போடுவார்கள். ஆற்றங்கரை, ரயில்பாதை ஓரம் போன்ற குறுக்குத்தெரு இல்லாத இடங்களில் அது நன்றாக வேலை செய்யும். அடிக்கடி வாசல்கள் இருக்கும் கடைவீதியில் வேண்டாம். தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் வண்டிகள் வரும் திசையைத்தான் பார்ப்பார். எதிர்த்திசையில் வரும் சைக்கிளை எதிர்பார்க்கவே மாட்டார்.

பேருந்து நிறுத்தங்களில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும், அப்போதுதான் பேருந்தும் சைக்கிளும் ஒன்றையொன்று வெட்டாது. ஆனால் இறங்கும் பயணி சைக்கிள் பாதையைக் கடக்க வேண்டியிருக்கும். பார்வையற்றவர்களுக்கு இது உண்மையான தொல்லை. சைக்கிள் ஓசையில்லாமல் வரும். மேடாக்கிய கடப்பிடமும் காலால் உணரும் புடைப்புத் தளமும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர்களைக் கலந்து பேசினீர்களா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

மழைநீர் மூடிகளின் கம்பிகள் பயணத் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சக்கரம் சிக்கும். தளம் தார் அல்லது வழவழப்பான கான்கிரீட்; ஓடு பதித்தது வேண்டாம். தெருவிளக்கு பாதையில் விழ வேண்டும். பாதையைப் பெருக்கும் வண்டி உள்ளே நுழையுமா, யார் பெருக்குவார்கள் என்பதற்கும் பதில் வாங்கிவிடுங்கள். கண்ணாடித் துண்டும் மணலும் சேர்ந்த பாதையை விட்டு எல்லோரும் சாலைக்கே திரும்பிவிடுவார்கள்.

கடைக்காரர்களின் எதிர்ப்பில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வராமல் போவார்கள் என்ற பயத்தைப் பொறுத்தவரை அனுபவம் வேறாக இருக்கிறது. கனடாவின் டொரண்டோவில் புளூர் தெருவில் 2016இல் சோதனையாகப் பாதை போட்டு, வாடிக்கையாளர்களிடமும் வணிகர்களிடமும் முன்னும் பின்னும் விசாரித்தார்கள். மக்கள் அங்கே வருவதும் செலவழிப்பதும் கூடியிருந்தது. காரில் வருவோரின் பங்கைக் கடைக்காரர்கள் மிகையாக மதிப்பிடுவது பல நகரங்களில் கண்டதுதான். ஆனால் சரக்கு இறக்க இடமில்லை என்று அவர்கள் சொன்னால் அது நியாயமான குறை. குறுக்குத்தெரு முனையில் சரக்கு இறக்கும் இடம் ஒதுக்காவிட்டால், முதல் வாரத்திலேயே லாரி சைக்கிள் பாதையில்தான் நிற்கும். இந்த விஷயத்தில் நீங்களும் அவர்களும் ஒரே மனுவில் கையெழுத்திடலாம்.

பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். ஸ்பெயினின் செவில் நகரம் 2006, 2007இல் துண்டு துண்டாகப் போடாமல், ஒன்றோடொன்று இணைந்த ஏறக்குறைய 80 கி.மீ. பாதையை ஒரே மூச்சில் அமைத்தது. சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளிலேயே பல மடங்காயின. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வாசல்வரை பென்சிலால் கோடு இழுத்து, எந்தெந்த இடத்தில் பாதுகாப்பு அறுந்துபோகிறது என்று குறியுங்கள்.

மகள் விஷயம். வழியில் உள்ள ஒவ்வொரு சந்திப்பும் நான் சொன்ன மாதிரி அமைந்தால், சில வாரம் கூடவே ஓட்டிப் பழக்கிவிட்டுத் தனியாக அனுப்பலாம். ஒன்றே ஒன்று சிக்னலோடும் வெறும் புள்ளிக்கோட்டோடும் இருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் இறங்கி நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் ஒருபோதும் நிற்காதே, பின்னாலேயே நில் என்பதை மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுங்கள். வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் அந்த வயதில் இன்னும் முழுதாக வந்திருக்காது.

கருத்து எழுதும்போது ‘ஆதரிக்கிறேன்’ என்று முடித்துவிடாதீர்கள். அது எண்ணிக்கையில் சேரும், வரைபடத்தை மாற்றாது. சந்திப்பின் பெயரைச் சொல்லி, ‘இங்கே மூலைத்திட்டு இல்லை, தடுப்பு இத்தனை மீட்டருக்கு முன்பே நிற்கிறது, காரணம் என்ன?’ என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்குப் பதில் தராமல் விடுவது எளிதல்ல. பதில் வரும்வரை காத்திராமல் இன்னொரு வேலையையும் செய்துவிடுங்கள். வேலை தொடங்கும் முன்பு, பள்ளி தொடங்கும் நேரத்தில் சாலையில் நின்று எண்ணுங்கள்: எத்தனை சைக்கிள், அவற்றில் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, பயத்தில் நடைபாதையில் ஏறி ஓட்டுபவர்கள் எத்தனை. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நாள் எண்ணினால் போதும். பாதையால் பயனில்லை, எடுத்துவிடலாம் என்று யாராவது பின்னால் கிளம்பினால் பதில் சொல்ல இந்தத் தாள் வேண்டும். தோண்ட ஆரம்பித்த பிறகு அதைத் தயாரிக்க முடியாது.